ரத்தக்கட்டிக்கு சம்மன் அனுப்ப முடியாது

ஒரு மனிதரை லாரி மோதிவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பது நேற்று எங்கள் அலுவலகத்தில் சேர்ந்த பயிற்சி வழக்கறிஞருக்கும் தெரியும். மலேசியாவின் 1956-ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் 28ஏ பிரிவைத் திறப்போம். அடிபட்டவருக்கு 30 வயதுக்குள் என்றால் ஆண்டு வருமானத்தை 16-ஆல் பெருக்க வேண்டும். அதற்கு மேல் என்றால் 55-லிருந்து வயதைக் கழித்து, பாதியாக்கி, அதனால் பெருக்க வேண்டும். அவருடைய சொந்த வாழ்க்கைச் செலவைக் கழிக்க வேண்டும். 2019 செப்டம்பர் 1 முதல் அந்த 55 என்பது 60 ஆகிவிட்டது. உழைப்புக்கு விலை போடும் முரட்டுக் கணக்குதான் இது. ஆனாலும் கணக்கு என்று ஒன்று இருக்கிறது. எதிரே லாரிக்காரரும் அவருடைய காப்புறுதிக் கம்பெனியும் இருக்கிறார்கள்.

அதே மனிதருடைய மூளையின் இடப்பக்கத்துக்குப் போகும் குழாயை ஒரு கட்டி அடைத்துக்கொண்டால்? சம்பளம் அதே மாதிரி போகிறது, வீட்டுக் கடன் அதே தேதியில் வந்து நிற்கிறது. ஆனால் பிரதிவாதி இல்லை. ரத்தக்கட்டிக்கு சம்மன் அனுப்ப முடியாது. அதனால் இழந்த வருமானத்தை யாரும் ஒரே தாளில் எழுதிக் கூட்டிப் பார்ப்பதில்லை. தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவில் கொஞ்சம், ஊழியர் சேமநிதியான இ.பி.எஃப்பில் கொஞ்சம், வங்கியில் கொஞ்சம், மீதி வீட்டுச் சமையலறையில் என்று அது சிதறிப்போகிறது.

இதை எனக்கு நன்றாக உறைக்கவைத்த கோப்பு 2018-இல் வந்தது. ஆள் யாரென்று தெரியாதிருக்க சில விவரங்களை மாற்றிச் சொல்கிறேன். கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறி, கே.எல். சென்ட்ரலில் இறங்கி, பிரிக்பீல்ட்ஸில் ஜாலான் துன் சம்பந்தனுக்குப் பக்கத்திலிருக்கும் என் அலுவலகத்துக்குக் கணவனும் மனைவியும் நடந்தே வந்தார்கள். கணவர் மாடிப்படியும் ஏறி வந்தார். நல்ல உயரம், இஸ்திரி போட்ட சட்டை, பையில் பேனா. 'யாருக்கு ஸ்ட்ரோக்?' என்று நான் அந்த அம்மாவைப் பார்த்துத்தான் கேட்டேன். அவர் கணவரைக் காட்டினார்.

அவருக்கு வயது 47. கிள்ளான் துறைமுகத்தை நம்பிப் பிழைக்கும் ஒரு ஃபார்வர்டிங் கம்பெனியில் 20 ஆண்டுக்கு மேலாக ஷிப்பிங் கிளார்க். மாதம் 2,700 ரிங்கிட். அந்த வேலை என்னவென்று தெரியாதவர்களுக்கு: சரக்கு வந்தால் சுங்க இலாகாவுக்கு கே1 படிவம், போனால் கே2. கப்பல் ஏஜெண்டிடம் டெலிவரி ஆர்டர் வாங்க வேண்டும். பொருளுக்குப் போட்ட வரிக் குறியீட்டில் அதிகாரிக்குச் சந்தேகம் வந்தால் மலாயில் பேசித் தெளிவிக்க வேண்டும். லாரி ஓட்டுநரிடம் தமிழ், சரக்குக்குச் சொந்தக்கார தௌக்கேயிடம் ஹொக்கியன், ஏஜெண்டிடம் ஆங்கிலம். கன்டெய்னர் துறைமுகத்தில் கிடந்தால் நாளுக்கு நாள் கட்டணம் ஏறும். ஆகவே எல்லாம் போனிலேயே, எல்லாம் உடனே. காகிதத்தில் அவர் குமாஸ்தா; நடப்பில் அவர் பிழைத்தது வாயால்.

ஒரு காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் வாய் கோணி, வலது கை தொங்கி, சுவரோடு சாய்ந்திருக்கிறார். இனிப்பு நீர் உள்ளவர் என்பதால் சர்க்கரை இறங்கிவிட்டது என்று நினைத்துச் சீனித் தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள். படுத்திருந்தால் சரியாகும் என்று கொஞ்ச நேரம். பிறகு உறவுக்காரர் ஒருவர் உருவிவிடும் ஆளை அழைத்து வந்திருக்கிறார். மருத்துவமனைக்குப் போனபோது மதியம் தாண்டிவிட்டது. கட்டியைக் கரைக்கும் ஊசியை நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். கிள்ளானில் பெரிய அரசு மருத்துவமனை வீட்டிலிருந்து சில நிமிடத் தொலைவில்தான் இருந்தது.

இதற்காக அந்தக் குடும்பத்தைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. நம் வீடுகளில் எத்தனை வீட்டில் வேறு மாதிரி நடக்கும்? 2019-இல் சுகாதார அமைச்சு நடத்திய நாடு தழுவிய ஆய்வில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, 30 விழுக்காட்டினருக்கு ரத்தக்கொதிப்பு என்று வந்தது. நீரிழிவில் இந்தியர்கள்தான் முன்னால் நிற்கிறோம். இவரும் இரண்டுக்கும் மாத்திரை வைத்திருந்தவர்தான். உடம்பு நன்றாக இருக்கிறது என்று பிரஷர் மாத்திரையை அவராகவே நிறுத்தியிருந்தார்.

மூன்று மாதத்தில் காலும் கையும் பெரும்பாலும் திரும்பிவிட்டன. பேச்சு வரவில்லை. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. வழக்கு முழுக்க அதன் மேல்தான் நின்றது. இந்த வகைப் பேச்சிழப்பில் பழகிப்போன சொற்கள் மட்டும் தப்பித்துக்கொள்ளும். 'தெரிமா காசே' என்று மலாயில் நன்றி சொல்வார், தெளிவாக. ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணுவார். திருநீறு பூசும்போது 'முருகா' வரும். 'உங்களுக்கு எத்தனை பிள்ளைகள்?' என்று கேட்டால் 'அது... அது...' என்று நின்று, சிரித்து, 'யா, யா' என்று தலையாட்டுவார். வாசிப்பும் போய்விட்டது. ஒரு நிமிடம் பார்ப்பவருக்கு, கொஞ்சம் கூச்சப்படுகிற, நல்ல மரியாதை தெரிந்த மனிதராகத்தான் தெரிவார்.

அந்த அம்மா பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து வைத்தார். சொந்தக் காரணங்களுக்காக வேலையிலிருந்து விலகுகிறேன் என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த மூன்று வரி. கீழே கணவரின் கையெழுத்து. கம்பெனியில் கூப்பிட்டிருக்கிறார்கள், இந்த அம்மாவைக் கீழே காத்திருக்கச் சொல்லியிருக்கிறார்கள், கணவர் மாடிக்குப் போய்த் திரும்பியிருக்கிறார்.

“அவருக்குப் படிக்கவே வராது சார். நீங்களே ஒரு பேப்பரக் குடுத்துப் பாருங்க.”

மேசை மேல் அலுவலகத்தின் மின்கட்டண பில் கிடந்தது. நீட்டினேன். அவர் வாங்கினார், மேலிருந்து கீழே பார்த்தார், தலையாட்டினார், சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து ஓரத்தில் கையெழுத்துப் போட்டு என்னிடம் கொடுத்தார். 'தெரிமா காசே' என்றார்.

நியாயத்துக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்த முதலாளி அதுவரை மோசமாக நடந்துகொள்ளவில்லை. சில மாதம் முழுச் சம்பளம், பிறகு அரைச் சம்பளம் கொடுத்திருந்தார். அப்போதைய 1955 வேலைவாய்ப்புச் சட்டம், உடலுழைப்புக்காரர்கள் போன்ற சிலரைத் தவிர, மாதம் 2,000 ரிங்கிட்டுக்கு மேல் வாங்குபவரைத் தொடவில்லை. மருத்துவ விடுப்பு எத்தனை நாள் என்பதெல்லாம் கம்பெனி போட்ட கடிதத்தின்படிதான். 2023 சனவரி 1 முதல்தான் அந்த வேலி விலகி எல்லா ஊழியரும் உள்ளே வந்தார்கள். ஆனால் வாசிக்கத் தெரியாத மனிதரிடம் விலகல் கடிதம் வாங்குவது வேறு விஷயம். அது விலகல் ஆகாது, வேலைநீக்கம். 1967 தொழிலுறவுச் சட்டத்தின் 20-ஆம் பிரிவில் 60 நாளுக்குள் புகார் கொடுக்கலாம். நாள் இன்னும் மிச்சமிருந்தது.

இங்கேதான் எனக்குத் தலை சுற்றியது. 20-ஆம் பிரிவில் கேட்க வேண்டியது, 'என்னை மறுபடியும் வேலையில் அமர்த்துங்கள்' என்பது. அதாவது, என்னால் அந்த வேலையைப் பார்க்க முடியும். இந்தக் குடும்பத்துக்கு உண்மையில் வேண்டியிருந்ததோ சொக்சோவின் இயலாமை ஓய்வூதியம். அங்கே சொல்ல வேண்டியது, 'என்னால் இனி வேலை பார்க்க முடியாது.' ஒரே மனிதர், ஒரே மாதம், இரண்டு அரசாங்க அலுவலகம், ஒன்றுக்கொன்று நேர் எதிரான இரண்டு கையெழுத்து. எதிர்த்தரப்பு வழக்கறிஞராக நான் இருந்திருந்தால் அந்த இரண்டு தாளையும் அருகருகே வைத்துக்கொண்டு மகிழ்ந்திருப்பேன்.

புகாரைக் காலக்கெடுவுக்குள் பதிந்தேன், சமரசப் பேச்சிலேயே முடித்துவிடுவது என்ற எண்ணத்தோடு. விலகல் கடிதத்தைக் கம்பெனி திரும்பப் பெறும். உடல்நலக் காரணத்தால் வேலை முடிவுக்கு வந்தது என்று புதுக் கடிதம் தரும். வேலைநீக்கப் பலன் பற்றிய 1980 விதிமுறைகளில் உள்ளபடி ஆண்டுக்கு 20 நாள் சம்பளம் என்ற கணக்கை அளவுகோலாக வைத்து ஒரு தொகை தரும். அந்த விதி இவருடைய சம்பளத்துக்குப் பொருந்தாது என்று எதிர்த்தரப்பு சொன்னது; சரிதான். மின்கட்டண பில்லை மேசை மேல் வைத்தேன். இழுபறிக்குப் பிறகு முக்கால் பங்குக்கு ஒத்துக்கொண்டார்கள். அந்தத் தொகையைவிட எனக்கு முக்கியம் அந்தப் புதுக் கடிதம். அதில், இவரால் வேலை செய்ய முடியும் என்று எந்த வரியும் இல்லை.

இனி சொக்சோ. 1969-ஆம் ஆண்டுச் சட்டம். இவர் சந்தாவில் குறையில்லை. கடைசியில் தன் பங்காக மாதம் 13 ரிங்கிட் சில்லறை, முதலாளி பங்காக 46 ரிங்கிட் சில்லறை; 20 வருடத்துக்கு மேலாக ஒழுங்காகக் கட்டப்பட்டிருந்தது. கேள்வி ஒன்றுதான்: குணமாகாத நோயால், நல்ல உடல்நிலையிலுள்ள தொழிலாளி சம்பாதிப்பதில் மூன்றில் ஒரு பங்கைக்கூட இவரால் சம்பாதிக்க முடியாதா? அதைத் தீர்மானிப்பது மருத்துவர் குழு.

முதல் முறை விண்ணப்பம் தள்ளுபடி ஆனது. குழுவைக் குறைசொல்ல மாட்டேன். அவர்கள் கையிலிருந்த அறிக்கையில் கை எவ்வளவு பலம், கால் எவ்வளவு பலம் என்றெல்லாம் இருந்தது. பேச்சைப் பற்றி அரை வரி. நேரில் நடக்கச் சொன்னார்கள், நடந்தார். கையை இறுக்கச் சொன்னார்கள், இறுக்கினார். வெளியே வரும்போது 'தெரிமா காசே, டாக்டர்' என்றிருக்கிறார். மனைவி அதைச் சொல்லும்போது சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. “வீட்ல என் பேரச் சொல்ல வரல சார். அங்க போயி டாக்டர்னு சொல்லிட்டாரு.”

மேல்முறையீட்டு மருத்துவர் குழுவுக்குப் போக 90 நாள் அவகாசம். அது நீதிமன்றம் இல்லை. எழுந்து நின்று வாதாட இடமில்லை. கோப்பைத் தயார் செய்யலாம், அவ்வளவுதான். உடம்பை நிரூபிப்பதை விட்டுவிட்டு வேலையை நிரூபிப்பது என்று முடிவு செய்தேன்.

முதலில் பேச்சுப் பயிற்சியாளரின் முழு மதிப்பீடு வேண்டும். தமிழ் தெரிந்த பேச்சுப் பயிற்சியாளர் கிடைப்பது குதிரைக்கொம்பு. மலாயில் சோதித்தால், 'தமிழில் சரியாகச் சொல்வாரோ என்னவோ' என்ற சந்தேகம் எழும். பல மொழி தெரிந்தவருக்கு ஒரு மொழி முந்தியும் இன்னொன்று பிந்தியும் திரும்புவது உண்டு. ஆகவே மகள் துணையிருக்க இரண்டு மொழியிலும் சோதித்து, இரண்டிலும் பெயர்ச்சொல் வரவில்லை, படித்தறிய முடியவில்லை என்று எழுதி வாங்கினோம். அடுத்து, அவரோடு 15 வருடம் பக்கத்து மேசையில் இருந்த சீன நண்பர் ஒருவர், வேலையில் ஒரு நாள் எப்படிப் போகும் என்பதை எழுதிக் கொடுத்தார்: எந்த நேரத்தில் யாருக்குப் போன், எந்த மொழியில், எதற்கு. நான் வாங்கிய வாக்குமூலங்களில் அதைப்போல் நேர்த்தியானது குறைவு. மூன்றாவது, பழைய கே1 படிவம் ஒன்றும், அதே படிவத்தை இப்போது அவரிடம் கொடுத்தபோது நடந்ததும். எல்லாக் கட்டத்திலும் கையெழுத்துப் போட்டிருந்தார்.

ஒரு கணக்கு மட்டும் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. 2,700-இல் மூன்றிலொரு பங்கு 900. தீபகற்ப மலேசியாவில் அப்போது குறைந்தபட்சச் சம்பளம் 1,000. அப்படியென்றால், எந்த முழுநேர வேலை செய்ய முடிந்தாலும் அவர் கோட்டைத் தாண்டிவிடுவார். காவலாளியாகப் போகலாமே, தோட்டம் பெருக்கலாமே என்று யாராவது கேட்டால்? அதற்கும் எழுதினேன். காவலாளி வந்துபோகும் வண்டி எண்ணைப் புத்தகத்தில் எழுத வேண்டும், தீப்பிடித்தால் போனில் சொல்ல வேண்டும். பெருக்குபவருக்கும் 'அந்தப் பக்கம் போகாதே, கம்பி அறுந்து கிடக்கிறது' என்பது விளங்க வேண்டும். சொன்னதற்கெல்லாம் 'யா, யா' என்று தலையாட்டும் ஆளை எந்த மேற்பார்வையாளர் வைத்துக்கொள்வார்?

மேல்முறையீடு வெற்றி பெற்றது. ஓய்வூதியம் சராசரிச் சம்பளத்தில் பாதியில் தொடங்கும்; முதல் 24 மாதச் சந்தாவுக்கு மேல் ஒவ்வொரு 12 மாதத்துக்கும் ஒரு விழுக்காடு கூடும், 65-இல் நின்றுவிடும். இவர் 65-ஐத் தொட்டுவிட்டார். மாதம் 1,700 ரிங்கிட்டை ஒட்டி. விண்ணப்பம் கொடுத்த நாளிலிருந்து அல்லது வேலையை விட்ட நாளிலிருந்து, எது பிந்தியதோ அதிலிருந்துதான் கணக்கு.

நல்ல சட்டம்தான் அது.  ஆனால் அதில் ஒரு கோணலை இந்த வழக்குக்குப் பிறகு என்னால் பார்க்காமல் இருக்க முடியவில்லை. வேலையிடத்தில் இயந்திரத்தில் விரல் போனால் அதே சட்டம் இயலாமையை விழுக்காட்டில் அளக்கிறது. பத்தோ இருபதோ போட்டு, அதற்கேற்பக் கொடுக்கிறது. நோயால் வரும் இயலாமையில் மட்டும் உண்டு அல்லது இல்லை. பக்கவாதம் வந்தவர்களில் பெரும்பாலோர் அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறார்கள். அரை நாள் வேலை செய்ய முடிந்தவர் அதைச் செய்ய அஞ்சுகிறார். செய்தால் இயலாமை இல்லை என்று ஆகிவிடுமோ என்ற பயம். 2007-இல் தொடங்கிய மீண்டும் பணிக்குத் திரும்பும் திட்டம் சொக்சோவிடமே இருக்கிறது, மலாக்காவில் துன் ரசாக் பெயரில் அருமையான மறுவாழ்வு மையமும் இருக்கிறது. பெட்டாலிங் ஜெயாவில், தாமும் பக்கவாதத்திலிருந்து மீண்ட ஜேனட் யோ 1996-இல் தொடங்கிய தேசியப் பக்கவாதச் சங்கமான நாசாம் இருக்கிறது. இங்கெல்லாம் போ என்று நான் சொன்னால், கட்சிக்காரர் கேட்கும் முதல் கேள்வி, 'போனா பென்ஷன் நின்னுடுமா சார்?' நோயால் வரும் இயலாமையையும் விழுக்காட்டில் அளந்தால் இந்தப் பயம் போகும். எனக்குத் தெரிந்து இதைச் சொல்வது நான் மட்டும் இல்லை. ஆனால் சட்டம் அப்படியே இருக்கிறது.

மற்ற இடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சமூகநல இலாகா மாற்றுத்திறனாளிகளுக்குத் தரும் ஓ.கே.யு. அட்டையில் பேச்சுக்கென்றே ஒரு பிரிவு உண்டு, கிடைத்தது. சொக்சோ கடிதம் கையில் வந்தபின் இ.பி.எஃப் பணம் எடுப்பதில் சிரமம் இல்லை. வீட்டுக் கடனோடு ஒட்டிய காப்புறுதிதான் கைவிட்டது. அதன் வரையறையில் இரண்டு கண் போக வேண்டும், அல்லது இரண்டு அவயவம் போக வேண்டும், அல்லது எந்தத் தொழிலும் எப்போதும் செய்ய முடியாதிருக்க வேண்டும். நாக்கு அவயவக் கணக்கில் வரவில்லை. வழக்காடலாம் என்றேன். அந்த அம்மா வேண்டாம் என்றார். நிலுவையைச் சமரசத் தொகையிலிருந்து கட்டிவிட்டார்.

சமரசப் பேச்சுக்காக நான் ஒரு கணக்கு எழுதியிருந்தேன். கணவரின் சம்பளம் மேலே. அதன் கீழே மனைவி: ஷா ஆலத்தில் ஒரு தொழிற்சாலைக் கென்டீனில் சமையல், மாதம் 1,200. கணவர் தனியே வெளியே போய் வழி கேட்கத் தெரியாமல் ஒரு நாள் இரவு வரை காணாமல் போனதிலிருந்து அவர் வேலைக்குப் போகவில்லை. அடுத்து மகள்: ஆறாம் படிவத்தைப் பாதியில் விட்டு ஒரு மருந்துக்கடையில் கல்லாவில் உட்கார்ந்தாள். மூன்றையும் கூட்டிப் பார்த்தபோதுதான், 1,700 என்பது அந்த வீட்டின் இழப்பில் எவ்வளவு சிறிய துண்டு என்று தெரிந்தது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, 'இதெல்லாம் எந்தப் பிரிவின் கீழ்?' என்று கேட்டார். எந்தப் பிரிவின் கீழும் இல்லை. லாரி மோதியிருந்தால் மனைவியின் பராமரிப்புக்கும் ஒரு தொகை கேட்டிருப்பேன்.

சுகாதார அமைச்சும் உலக சுகாதார நிறுவனமும் 2020-இல் வெளியிட்ட அறிக்கை ஒன்று உண்டு. இதய, ரத்தக்குழாய் நோய்கள், நீரிழிவு, புற்றுநோய் ஆகியவற்றால் 2017-இல் மலேசியாவுக்கு உற்பத்தியில் மட்டும் ஏற்பட்ட இழப்பு 8.91 பில்லியன் ரிங்கிட், மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.65 விழுக்காடு என்றது. வேலைக்கு வராத நாள், வந்தும் முழுதாய் உழைக்க முடியாத நாள், காலத்துக்கு முன் வந்த சாவு ஆகியவற்றின் கூட்டு அது. பெரிய தொகைதான். கென்டீனில் அடுப்பை அணைத்துவிட்டு வந்த பெண்ணை அதில் எந்தக் கட்டத்தில் வைப்பது என்று நான் தேடியிருக்கிறேன்.

இவருக்காவது சந்தா இருந்தது. பிரிக்பீல்ட்ஸில் என் அலுவலகத்துக்குக் கீழே டாக்சி நிறுத்தி வைத்திருக்கும் அண்ணன்மாருக்கு 2017-ஆம் ஆண்டுச் சுயதொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அது வேலையில் நேரும் விபத்துக்குத்தான். ஓட்டும்போது வண்டி மோதினால் உண்டு. வீட்டில் பல் துலக்கும்போது வாய் கோணினால் இல்லை. அவர்களில் ஒருவருக்கு அப்படி நேர்ந்தபோது சொந்தக்காரர்கள் என்னிடம் வந்தார்கள். நான் கோப்பே திறக்கவில்லை. திறக்க ஒன்றும் இல்லை.

அந்த அம்மா பிறகும் எப்போதாவது கூப்பிடுவார். மகள் வேலை பார்த்துக்கொண்டே மாலையில் கணக்கியல் படித்தாள். கணவருக்குத் தமிழில் கொஞ்சம் சொற்கள் திரும்பின. ஹொக்கியனில் வசைகள் முழுதாகத் திரும்பிவிட்டனவாம். 2022 டிசம்பரில் இல்லத்தரசிகளுக்கான சமூகப் பாதுகாப்புச் சட்டம் நடப்புக்கு வந்தபோது மறுபடியும் கூப்பிட்டார். ஆண்டுக்கு 120 ரிங்கிட் கட்டினால் வீட்டில் நேரும் விபத்துக்கும் இயலாமைக்கும் பாதுகாப்பு உண்டு என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

“அவரப் பாத்துக்கிறதுக்குக் குடுப்பாங்களா சார்?”

“அதுக்கு இல்லம்மா. உங்களுக்கு எதுனா ஆனாத்தான்.”

“சரி சார். எனக்கும் பிரஷர் இருக்கு. கட்டிடுறேன்.”

55 வயது ஆகியிருக்கக் கூடாது என்று நினைவுபடுத்தினேன். இன்னும் இருக்கிறது என்றார். மறுநாள் ரசீதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார்.